கொசுக்கொல்லி பாக்டீரியாவும் கொச்சியின் அனுபவமும்

இடக்கொச்சி, மட்டாஞ்சேரி போன்ற கொச்சியின் தாழ்ந்த பகுதிகளில் கடலேற்றத்தின்போது சாக்கடை நீர் எளிதில் வடிவதில்லை. அவ்வாறு தேங்கும் அழுக்கு நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுவே யானைக்கால் நோயைப் பரப்புகிறது. இரசாயன மருந்துகளுக்குக் கொசுக்கள் பழகிவிட்ட நிலையில், மீன்களுக்கும் கால்நடைகளுக்கும் தீங்கிழைக்காமல் கொசுப்புழுக்களைக் கொல்லும் பாசில்லஸ் ஸ்பெரிக்கஸ் என்னும் பாக்டீரியா பெரும் நம்பிக்கையை அளித்தது.

கொச்சியின் ஒரு பகுதியில் இதன் 1593எம் என்ற வகை ஈராண்டுகளில் 35 முறை தெளிக்கப்பட்டது. தெளிக்கப்படாத இடத்துப் புழுக்களில் பாதியைக் கொல்லத் தேவைப்பட்ட அளவைப் போல் 146 மடங்கு, தெளிக்கப்பட்ட இடத்துப் புழுக்களுக்குத் தேவைப்பட்டது. மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தினரின் இம்முடிவு 1995-இல் வெளியாயிற்று.

காரணம் வியப்புக்குரியதன்று. இப்பாக்டீரியாவின் முக்கிய நஞ்சு, இரு புரதங்கள் சேர்ந்து செயற்படும் ஒரே நஞ்சாகும். புழுவின் குடலில் அது பற்றிக்கொள்ளும் இடமும் ஒன்றே. அவ்விடத்தை அமைக்கும் மரபணு பழுதுற்ற புழுக்களை நஞ்சு தாக்குவதில்லை. அவையே பிழைத்துப் பெருகுகின்றன.

இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் 1976-இல் கண்டறியப்பட்ட பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் இவ்வகையில் வலிமை மிக்கது. அதன் படிகத்தில் நான்கு முக்கிய நச்சுப் புரதங்கள் உள்ளன. நான்கையும் ஒருங்கே எதிர்த்துப் பிழைப்பது புழுவுக்கு அரிது. புதுச்சேரியில் உள்ள நோய்பரப்பும் பூச்சிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் இதன் வகையொன்றை உருவாக்கியுள்ளது.

ஆயினும் இங்கே வேறொரு பலவீனம் உண்டு. அந்நான்கு நஞ்சுகளின் மரபணுக்களும் பாக்டீரியாவின் பிரதான குரோமோசோமில் இல்லை. சுமார் 1,28,000 இணைகள் கொண்ட பிளாஸ்மிட் என்னும் தனி வளையத்தில் உள்ளன. பாக்டீரியா பிளவுறும்போது இவ்வளையம் சில சேய்களுக்குக் கிட்டாமற் போகலாம். இடம்விட்டு இடம் தாவும் மரபுத் துணுக்குகளும் நஞ்சு மரபணுக்களை அடுத்தே அமைந்துள்ளன. வளையத்தை இழந்த பாக்டீரியா நன்றாகவே வளரும், வித்துகளையும் உண்டாக்கும். படிகம் மட்டும் இராது. கொசுப்புழு அதனை உண்டு கொழுக்கும்!

ஆகவே, தயாரிப்பில் வித்துகளை எண்ணி வீரியத்தைக் கணிப்பது போதாது. ஒரு தொகுதியிலிருந்து அடுத்த தொகுதிக்கெனத் தொடர்ந்து வளர்ப்பதைவிட, உலர்த்திக் காத்த மூல வித்திலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குவதே நன்று. உயிருள்ள ஏடிஸ் கொசுப்புழுக்களைக் கொண்டு சோதித்து, மில்லிகிராமுக்கு 15,000 அலகு என வகுக்கப்பட்ட ஐபிஎஸ்-82 என்னும் சர்வதேசத் தரப்பொருளுடன் ஒப்பிட்டே வீரியம் குறிக்கப்படுகிறது. இச்சோதனை தொழிற்சாலையோடு நின்றுவிடுவதற்கில்லை. தெளிப்பு நடைபெறும் சாக்கடைகளிலிருந்தும் அவ்வப்போது புழுக்களை எடுத்துச் சோதித்தால், எதிர்ப்பாற்றல் 146 மடங்காக வளரும்வரை காத்திராமல், முன்கூட்டியே மருந்தை மாற்றிவிட இயலும்.