இரண்டு கார்களை ஒப்பிடப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

கார்களை ஓட்டிப் பார்த்து எழுதும் வேலைக்கு வந்திருக்கிறாய். முதல் கட்டுரையே சூப்பர் கார் ஒப்பீடு என்று கேள்விப்பட்டேன், மகிழ்ச்சி. எது வேகமான கார் என்றுதான் எல்லோரும் உன்னிடம் கேட்பார்கள். அதற்குக் கம்பெனி தரும் விவரத்தாளே போதும். எந்தக் கார் ஓட்டுபவரிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சொல்லத்தான் நீ வேண்டும்.

அந்த விவரத்தாளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே. 1980களின் கடைசியில் கார் பிரியர்கள் ஓயாமல் ஒப்பிட்ட ஜோடி போர்ஷே 959, ஃபெராரி எஃப்40. எஃப்40இன் எடை 1,100 கிலோ என்றது ஃபெராரி. பெட்ரோல், ஆயில், தண்ணீர் எதுவும் ஊற்றாத எடை அது. 959இன் 1,450 கிலோ எல்லாம் ஊற்றிய எடை. 350 கிலோ வித்தியாசம் என்று நீ எழுதினால் வாசகரை ஏமாற்றியவனாவாய்.

நேரக் கணக்கும் அப்படித்தான். வேகமெடுக்கும் நேரத்தை அளக்கும்போது அமெரிக்கப் பத்திரிகைகள் பல, கார் முதல் ஓரடி நகர்ந்த பிறகே கடிகாரத்தை ஓடவிடுகின்றன. 2013இல் போர்ஷே 918 ஸ்பைடர், நூர்பர்க்ரிங் பந்தயத்தளத்தின் வடக்குச் சுற்றை 6 நிமிடம் 57 விநாடியில் முடித்தது. அன்று அளந்தது சுமார் 20.6 கி.மீ. 2019 முதல் 20.832 கி.மீ. முழுச் சுற்றுக்கான நேரத்தையே அதிகாரபூர்வமாகக் கொள்கிறார்கள். தூரம், டயர், தட்பவெப்பம் ஆகிய மூன்றையும் சொல்லாத நேரத்தை அச்சில் ஏற்றாதே.

இனி கையாளுமைக்கு வருகிறேன். எஃப்40இல் 2.9 லிட்டர் வி8 எஞ்சின், இரண்டு டர்போ, 478 குதிரைத்திறன். அத்தனையும் பின்சக்கரங்களுக்கே போகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பெரிதாக ஒன்றும் நடக்காது. எஞ்சின் சுற்று ஏறி டர்போ பிடித்ததும் சக்தி மொத்தமாக வந்து இறங்கும். வளைவின் நடுவில் அது வந்தால் காரின் பின்பக்கம் வெளியே வீசும். ஏபிஎஸ் கிடையாது, பவர் ஸ்டியரிங்கும் கிடையாது. ஆகவே, வளைவிலிருந்து வெளியேறும் இடத்தையும் டர்போ விழிக்கும் நொடியையும் ஓட்டுபவரே முன்கூட்டிக் கணித்தாக வேண்டும். சாலையின் ஒவ்வொரு சிலிர்ப்பும் ஸ்டியரிங் வழியாக உள்ளங்கைக்கு வந்துவிடும்.

959க்கும் இரண்டு டர்போதான். ஆனால் குறைந்த சுற்றில் ஒன்று மட்டும் வேலை செய்யும், மற்றது பிறகு சேர்ந்துகொள்ளும். 450 குதிரைத்திறனும் படிப்படியாக ஏறும். முன், பின் சக்கரங்களுக்கு எவ்வளவு சக்தி என்பதைக் கணினி பங்கிடும். காய்ந்த சாலை, ஈரம், பனி என்று ஓட்டுபவர் தேர்ந்தெடுக்கலாம். 1986இல் பாரிஸ்–டக்கார் பந்தயத்தை வென்ற கார் இது.

உச்ச வேகம் எஃப்40க்கு மணிக்கு 324 கி.மீ., 959க்கு 317. இந்த 7 கி.மீ. வித்தியாசத்திலிருந்து மேலே சொன்னதில் ஒன்றையாவது நீ கண்டுபிடித்திருக்க முடியுமா?

அதனால் நீ ஒப்பிடும் இரண்டு கார்களையும் ஒரே நாளில், ஒரே சாலையில் ஓட்டு. கிளம்பும் முன் டயர் காற்றழுத்தத்தை நீயே பார். முதலில் மெதுவாக ஓட்டு. பிரேக் மிதியின் பிடிப்பு, ஸ்டியரிங்கின் கனம், கிளட்சின் இழுப்பு எல்லாம் அப்போதுதான் தெரியும். மழை வந்தால் ஒதுங்காதே, நிதானமாக ஓட்டு. வேகத்தின் எல்லையைப் பொதுச்சாலையில் ஒருபோதும் தேடாதே. அதற்குப் பந்தயத்தளம் இருக்கிறது.

கடைசியில் தீர்ப்புச் சொல். இரண்டும் அருமை என்று நழுவிப் போகாதே. என் தீர்ப்பு இது: மழை நனைத்த மலைப்பாதைக்கு 959, காய்ந்த பந்தயத்தளத்துக்கு எஃப்40; ஒன்றுதான் என்றால், சராசரி ஓட்டுநரையும் பத்திரமாக வீடு சேர்க்கும் 959. உன் தீர்ப்பு வேறாக இருக்கலாம். காரணத்தோடு எழுது, தம்பி. உன் வரியை நம்பி யாரோ ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கப்போகிறார்.

அன்புடன்,
உன் அண்ணன்