எண்ணிப் பிறக்கும் ஒலி

முல்லைப் பெரியாற்று நீரால் செழிப்பது கம்பம் பள்ளத்தாக்கு. அங்குள்ள உத்தமபாளையத்தில் வானொலிப் பெட்டியைத் திருப்பினால், கோடைப் பண்பலை நிலையத்தை 100.5 மெகாஹெர்ட்ஸில் கேட்கலாம். ஒரு நொடிக்கு 10 கோடியே 5 லட்சம் அலைகள் என்பதே அவ்வெண்ணின் பொருள். அலைகளின் இவ்வெண்ணிக்கையை அதிர்வெண் என்பர். அது பிறழுமாயின், ஒரு நிலையத்தின் குரல் மற்றொன்றின் குரலோடு மோதும். அதனைப் பிசகாது காப்பது எங்ஙனம்?

பிரெஞ்சு நாட்டுக் கியூரி உடன்பிறந்தார் இருவர், சிலவகைப் படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றுவதை 1880ஆம் ஆண்டில் கண்டனர். அத்தகைய படிகத்தில் மின்சாரம் பாய்ச்சினால் அது சீராக அதிரும். கைக்கடிகாரத்திலுள்ள குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கின்றது. அவ்வெண்ணைப் 15 முறை பாதியாக்கினால் 1 எஞ்சும். அதுவே ஒரு நொடித் துடிப்பு.

இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நுண்கட்டுப்படுத்திப் பலகையும் இவ்வாறே எண்ணுகின்றது. எத்தனை எண்ணியதும் துடிக்கவேண்டும் என்பதை நாம் எழுதும் நிரல் கட்டளையிடும். படிகம் நொடிக்கு 1,60,00,000 முறை அதிர்வதாகக் கொள்வோம். 440 ஹெர்ட்ஸ் ஒலி வேண்டின், 36,363.6 அதிர்வுக்கு ஒருமுறை துடிக்கவேண்டும். அதிர்வைப் பின்னமாக எண்ண இயலாது. 36,364 என எண்ணினால் கிடைப்பது 439.996 ஹெர்ட்ஸே.

இக்குறையை நீக்கும் வழியைக் களத்து மேட்டிலேயே காணலாம். எட்டுப் படி கொள்ளும் மரக்காலில், ஒவ்வொரு தாளத்திற்கும் மூன்று படி நெல் இடுவோம். மூன்றாம் தாளத்தில் மரக்கால் நிறைந்து ஒரு படி மிஞ்சும். அம்மிச்சத்தை வீசாமல் அடுத்த கணக்கில் சேர்த்தால், எட்டுத் தாளத்திற்குச் சரியாக மூன்று மரக்கால் நிறையும். மரக்கால் நிறைவதே துடிப்பு எனின், துடிப்புகள் சற்று முன்பின்னாக விழினும் சராசரி பிசகுவதில்லை. மரக்காலைப் பெரிதாக்கினால், வேண்டிய அதிர்வெண்ணை மிக நெருங்கலாம். இம்முறையில் அலைகளை ஆக்கும் கருவியை 1971ஆம் ஆண்டில் டியர்னி, ரேடர், கோல்டு என்னும் அறிஞர் மூவர் விளக்கினர்.

எனினும், கணக்கு எத்துணை நுட்பமாயினும் தாளம் தவறினால் பயனில்லை. வெப்பம் மாறினால் படிகத்தின் அதிர்வும் சிறிது மாறும். ஆதலின் அதனை அதனினும் சீரான கடிகாரத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவர். புதுதில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக்கடிகாரங்களால் நாட்டின் நேரத்தைக் காக்கின்றது.

சீரான தாளம், தவறாத எண்ணிக்கை, மிச்சத்தையும் விடாத கணக்கு ஆகிய மூன்றும் கூடினால் எளிய கருவியும் நுட்பம் பெறும். அம்மூன்றையும் கற்றற்குச் சிற்றூர்ப் பள்ளியே போதுமன்றோ?