மலையேறும் பைக்கில் எதைக் கட்டுவது?

கேள்வி: அய்யம்பாளையத்திலிருந்து தாண்டிக்குடி வழியாகக் கொடைக்கானலுக்கு பைக்கில் போகிறோம். என்னென்ன எடுத்துக்கொள்ளலாம்?

பதில்: குறைவாக எடுங்கள், ஆனால் குளிரை நினைத்து எடுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். கொடைக்கானலோ கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 மீட்டர். அடிவாரத்துத் தென்னந்தோப்பில் வியர்க்கும்போது ஸ்வெட்டர் வீண்சுமையாகத்தான் தெரியும்; மேலே போனால் அது தேவைப்படும். தடித்த ஜாக்கெட் ஒன்றைவிட, மெல்லிய ஸ்வெட்டரும் அதன்மேல் மழைக்கோட்டும் மேல். மழைக்கோட்டு காற்றையும் தடுக்கும். “வழியில் வண்டி நின்றுவிட்டால்?” என்று ஸ்பேனர் பெட்டியையே தூக்கி வருபவர்கள் உண்டு. ஆனால் பின்னால் உயரக் கட்டிய பாரம், ஏற்றமான கொண்டை ஊசி வளைவில் முன்சக்கரத்தின் பிடியைக் குறைக்கும். அதுதான் பெரிய ஆபத்து. பஞ்சர் கிட், கைப்பம்பு, ஒரு கிளட்ச் கேபிள் போதும். மற்றதை மெக்கானிக் பார்த்துக்கொள்வார். கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்திருக்கிறது, கிளம்புமுன் எடுத்துவிடுங்கள்.