நின்டெண்டோ: நஷ்டத்தில் இருந்து மீட்ட கையடக்கக் கேம் மெஷின்

கேம் கன்சோல் தயாரிக்கும் கம்பெனி ஒன்று தடுமாறத் தொடங்கினால் உடனே ஒரு யோசனை வரும். "மெஷின் தயாரிப்பதை விட்டுவிடுங்கள், கேம் மட்டும் தயாரித்து மற்றவர்களின் மெஷினுக்கு விற்றுப் பிழைத்துக் கொள்ளுங்கள்" என்பார்கள். செகா கம்பெனி 2001-ல் அதைத்தான் செய்தது. 2012 முதல் 2014 வரை நின்டெண்டோவுக்கும் பலர் இதே யோசனையைச் சொன்னார்கள். நின்டெண்டோ அதைக் கேட்கவில்லை. 2017-ல் ஸ்விட்ச் என்ற மெஷினை வெளியிட்டு மீண்டும் முன்னுக்கு வந்தது.

இது அதிர்ஷ்டமா, இல்லை இதற்குப் பின்னால் எஞ்சினியரிங் காரணம் ஏதாவது இருக்கிறதா? காரணம் இருக்கிறது. அதைப் புரிந்து கொண்டால் கையடக்கக் கேம் மெஷின்களின் எதிர்காலத்தை நீங்களே ஓரளவு கணிக்கலாம். வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

நஷ்டம் வந்த கதை

நின்டெண்டோ 1889-ல் ஜப்பானின் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு தயாரிக்கும் கம்பெனியாகத் தொடங்கியது. நம் ஊரில் டிவியில் மாட்டி மாரியோ விளையாடியவர்களுக்கு, அந்த மாரியோவின் சொந்தக்காரர் இந்தக் கம்பெனி என்றால் எளிதில் புரியும்.

2006-ல் வந்த வீ கன்சோல் மொத்தம் 10.16 கோடி விற்றது. 2004-ல் வந்த டிஎஸ் என்ற கையடக்க மெஷின் 15.40 கோடி விற்றது. அந்த வெற்றிக்குப் பிறகுதான் சறுக்கல் வந்தது.

2011 பிப்ரவரியில் 3டிஎஸ் மெஷின் ஜப்பானில் 25,000 யென் விலைக்கு வெளியானது. விற்பனை மந்தமாக இருந்ததால் ஆகஸ்டிலேயே விலையை 15,000 யென் ஆகக் குறைத்தார்கள். அதாவது ஆறு மாதத்துக்குள் 40 சதவீதக் குறைப்பு. முதலில் அதிக விலை கொடுத்து வாங்கியவர்களைச் சமாதானப்படுத்த 20 பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்தார்கள்.

2012 நவம்பரில் வீ யு கன்சோல் வந்தது. அது மொத்தம் விற்றது 1.36 கோடி மட்டுமே. 2014 ஜனவரியில் அந்த நிதியாண்டுக்கான வீ யு விற்பனை மதிப்பீட்டை 90 லட்சத்தில் இருந்து 28 லட்சமாகக் குறைத்தார்கள். 2012, 2013, 2014 ஆகிய ஆண்டுகளின் மார்ச் மாதத்தில் முடிந்த மூன்று நிதியாண்டுகளிலும் இயக்க நஷ்டம். முறையே 3,730 கோடி யென், 3,640 கோடி யென், 4,640 கோடி யென்.

அப்போது தலைவராக இருந்தவர் சடோரு இவாடா. இவர் கேம் புரோகிராமராக வேலையைத் தொடங்கியவர். 2011-லும் 2014-லும் தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக் கொண்டார். ஆள்குறைப்பு செய்தால் குறுகிய காலத்துக்கு லாபம் காட்டலாம், ஆனால் பயத்தோடு வேலை செய்கிறவர்களால் நல்ல கேம் உருவாக்க முடியாது என்பது அவர் பங்குதாரர்களிடம் 2013-ல் எடுத்து வைத்த வாதம்.

செகாவுக்கும் நின்டெண்டோவுக்கும் என்ன வித்தியாசம்?

செகாவின் கடைசிக் கன்சோலான டிரீம்காஸ்ட் 1998 நவம்பரில் ஜப்பானில் வெளியானது. அதற்கு முந்தைய சாட்டர்ன் மெஷினிலேயே கம்பெனி பெரும் நஷ்டம் அடைந்திருந்தது. 2001 ஜனவரி 31-ல் கன்சோல் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தார்கள். தலைவராக இருந்த இசாவோ ஒகாவா தன் சொந்தச் சொத்தில் இருந்து பெருந்தொகையைக் கம்பெனிக்குக் கொடுத்தார். அதே ஆண்டு மார்ச்சில் அவர் காலமானார். ஆண்டு முடிவதற்குள் செகாவின் சோனிக், போட்டியாளரான நின்டெண்டோவின் கையடக்க மெஷினில் ஓடிக் கொண்டிருந்தது.

நின்டெண்டோவிடம் இரண்டு பலங்கள் இருந்தன. ஒன்று, நல்ல காலத்தில் சேர்த்து வைத்த கையிருப்புப் பணம். இரண்டாவது, கையடக்க மெஷின். கீழே உள்ள விற்பனைக் கணக்கைப் பாருங்கள். முதலில் இருப்பது டிவியில் மாட்டும் கன்சோல், அடுத்தது அதன் காலத்துக் கையடக்க மெஷின்.

நின்டெண்டோ 64: 3.29 கோடி. கேம் பாய்: 11.87 கோடி.
கேம்க்யூப்: 2.17 கோடி. கேம் பாய் அட்வான்ஸ்: 8.15 கோடி.
வீ: 10.16 கோடி. டிஎஸ்: 15.40 கோடி.
வீ யு: 1.36 கோடி. 3டிஎஸ்: 7.59 கோடி.

நான்கு தலைமுறைகளிலும் கையடக்க மெஷின்தான் அதிகம் விற்றிருக்கிறது. வீ யு தோற்றபோதும் 3டிஎஸ் கம்பெனியைத் தாங்கிப் பிடித்தது. செகாவுக்கு இப்படி ஒரு ஊன்றுகோல் இல்லை. 1990-ல் அது வெளியிட்ட கேம் கியர் ஏன் தோற்றது என்பதில்தான் நம் முதல் பாடம் இருக்கிறது.

பாடம் 1: பேட்டரிதான் எஜமான்

1989-ல் வந்த கேம் பாய்க்குக் கறுப்பு வெள்ளைத் திரை. நான்கே நிற அடர்த்திகள், 160 x 144 பிக்ஸல்கள், பின்னொளி கிடையாது. ப்ராசசரின் வேகம் சுமார் 4.19 மெகாஹெர்ட்ஸ், மெமரி 8 கிலோபைட். கேம் கியரில் கலர் திரையும் பின்னொளியும் இருந்தன. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரும் கேம் கியரைத்தான் எடுப்பார்கள்.

ஆனால் கேம் கியர் ஆறு ஏஏ பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். கேம் பாய் நான்கே பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். பேட்டரி வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் எதை விரும்புவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

கேம் பாயை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பே யோகோய். புத்தம் புதிய தொழில்நுட்பத்தைத் துரத்த வேண்டாம், நன்றாகப் பழகி விலை குறைந்துவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்துப் புதிய விதத்தில் பயன்படுத்து என்பது அவர் கொள்கை. 2004-ல் டிஎஸ் வந்தபோதும் இதுதான் நடந்தது. அதே ஆண்டு வந்த சோனியின் பிஎஸ்பி 333 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடக்கூடியது, மெமரி 32 மெகாபைட். டிஎஸ் மெஷினில் 67 மெகாஹெர்ட்ஸ் ப்ராசசரும் 4 மெகாபைட் மெமரியும்தான். ஆனால் இரண்டு திரைகள், அதில் ஒன்று தொடுதிரை. இதுவரை கேமே விளையாடாதவர்களும் அதை வாங்கினார்கள்.

பாடம் 2: வேகத்துக்கு விலை மின்சாரம்

இங்கே கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், பெருக்கல் தெரிந்தால் போதும்.

ஒரு ப்ராசசர் வேலை செய்யும்போது செலவாகும் மின்சாரம் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஒன்று அதன் வேகம், அதாவது கிளாக் ஸ்பீட். மற்றொன்று அதற்குக் கொடுக்கும் வோல்டேஜ். வோல்டேஜை அதே எண்ணால் பெருக்கி, வரும் விடையை வேகத்தால் பெருக்க வேண்டும். செலவு அந்த விகிதத்தில் மாறும்.

உதாரணமாக, ஒரு ப்ராசசரின் வேகத்தைப் பாதியாகக் குறைக்கிறோம். வேகம் குறைந்ததால் வோல்டேஜையும் 1-ல் இருந்து 0.8 ஆகக் குறைக்க முடிகிறது என்று வைத்துக் கொள்வோம். 0.8 x 0.8 x 0.5 = 0.32. வேகம் பாதிதான் குறைந்தது, ஆனால் மின்சாரச் செலவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. எதிர்த்திசையிலும் இதே விதிதான். கடைசிச் சொட்டு வேகத்தைப் பிழிந்து எடுக்க அதிக மின்சாரம் கொடுக்க வேண்டும்.

ஸ்விட்ச் மெஷினின் முழு ரகசியமும் இதில்தான் இருக்கிறது. கையில் பிடித்து விளையாடும்போது கிராபிக்ஸ் பகுதியின் அடிப்படை வேகம் 307.2 மெகாஹெர்ட்ஸ். டிவியுடன் இணைக்கும் டாக்கில் வைத்தால் 768 மெகாஹெர்ட்ஸ், அதாவது 2.5 மடங்கு. டாக்கில் இருக்கும்போது மின்சாரம் சுவரில் இருந்து வருகிறது, பேட்டரி கவலை இல்லை.

இப்போது திரையைப் பாருங்கள். கையில் இருக்கும் திரை 1280 x 720. அதாவது 9,21,600 பிக்ஸல்கள். டிவியில் 1920 x 1080 என்றால் 20,73,600 பிக்ஸல்கள். இது 2.25 மடங்கு. வேகம் 2.5 மடங்கு கூடுகிறது, வரைய வேண்டிய பிக்ஸல் 2.25 மடங்கு கூடுகிறது. இரண்டும் கிட்டத்தட்ட சமம். அதனால் ஒரே கேம், அதே புரோகிராம், இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஓடுகிறது.

வீ யு மெஷினிலும் கையில் பிடிக்கும் 6.2 அங்குலத் திரை இருந்தது. ஆனால் மூளை டிவிக்குப் பக்கத்தில் உள்ள பெட்டியில் இருந்தது. பெட்டியை விட்டு அதிக தூரம் போனால் திரையில் படம் வராது. ஸ்விட்சில் மூளையும் திரையும் ஒன்றாகக் கைக்கு வந்துவிட்டன.

பாடம் 3: ஒரு மெஷின் என்றால் ஒரு குழு

சாப்ட்வேர் துறையில் வேலை செய்பவன் என்ற முறையில் எனக்கு இதுதான் முக்கியமான பாடமாகப் படுகிறது. 3டிஎஸ் மெஷினில் ஏஆர்எம் வகை ப்ராசசர். வீ யு மெஷினில் பவர்பிசி வகை. ஒன்றுக்கு எழுதிய கேம் மற்றொன்றில் ஓடாது. எனவே இரண்டு குழு, இரண்டு செலவு, இரண்டு மடங்கு நாட்கள். இதனால் இரண்டு மெஷினிலும் மாதக்கணக்கில் புதிய பெரிய கேம் வராத இடைவெளிகள் விழுந்தன. கேம் வராத மெஷினை யார் வாங்குவார்கள்?

2013-ல் இவாடா, கையடக்க மெஷின் தயாரிக்கும் பிரிவையும் டிவி கன்சோல் தயாரிக்கும் பிரிவையும் ஒன்றாக இணைத்தார். 2015 மார்ச்சில் என்எக்ஸ் என்ற ரகசியப் பெயரில் புதிய மெஷின் தயாராவதாக அறிவித்தார். அதே ஆண்டு ஜூலை 11-ல் அவர் காலமானார். தன் முடிவின் பலனை அவர் பார்க்கவில்லை. அந்த என்எக்ஸ்தான் 2017 மார்ச் 3-ல் ஸ்விட்ச் என்ற பெயரில் வெளியாகி 15 கோடிக்கும் மேல் விற்றது.

இனி என்ன?

ஸ்விட்ச் 2 மெஷின் 2025 ஜூன் 5-ல் வெளியாகி நான்கு நாட்களில் 35 லட்சம் விற்றது. திரை 7.9 அங்குலம், 1920 x 1080 பிக்ஸல்கள். அப்படியானால் ஆபத்து நீங்கிவிட்டதா? இல்லை.

முதல் ஸ்விட்ச் வந்தபோது இந்த வகையில் பெரிய போட்டி இல்லை. 2022 பிப்ரவரியில் வால்வ் கம்பெனியின் ஸ்டீம் டெக் வந்தது. அது உண்மையில் ஒரு சிறிய பிசி. லினக்ஸில் இயங்கினாலும் ஏராளமான விண்டோஸ் கேம்களை ஓட்டும். ஆசுஸ் போன்ற கம்பெனிகளும் அதே வழியில் வந்துவிட்டன. இன்னொரு பக்கம், எல்லோர் பாக்கெட்டிலும் செல்போன் இருக்கிறது. அதில் கேம்கள் இலவசம்.

ஆனால் இவர்கள் எல்லோரும் அதே பேட்டரி விதிக்குக் கட்டுப்பட்டவர்கள்தான். முதல் ஸ்டீம் டெக்கின் பேட்டரி 40 வாட்-அவர். மெஷின் 20 வாட் இழுத்தால் 2 மணி நேரம், 10 வாட் இழுத்தால் 4 மணி நேரம். இதில் தந்திரம் எதுவும் செய்ய முடியாது. சிப்பின் சிக்கனத்தைக் கூட்டுவது ஒரு முக்கியமான வழி.

2017 ஸ்விட்ச் மெஷினின் பேட்டரி 4310 எம்ஏஎச். அதை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் சுமார் 16 வாட்-அவர். செல்டா கேமை அதில் சுமார் 3 மணி நேரம் விளையாடலாம் என்றது கம்பெனி. 2019-ல் சிப்பைப் புதிய தயாரிப்பு முறைக்கு மாற்றி அதே அளவு பேட்டரியுடன் வெளியிட்டபோது அதே கேம் 5.5 மணி நேரம் ஓடியது. சராசரிச் செலவு சுமார் 5.3 வாட்டில் இருந்து 2.9 வாட்டாக இறங்கியது. கையடக்க மெஷின்களின் எதிர்காலம் இப்படிப்பட்ட மாற்றங்களில்தான் இருக்கிறது. புதிய சிப்பின் வேகம் எத்தனை மடங்கு என்ற விளம்பரத்தைவிட, அதே வேலைக்கு எத்தனை வாட் என்ற கணக்கே முக்கியம்.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை

ஒரு மெஷின் தோற்றால் கம்பெனிக்கு மட்டும் நஷ்டம் இல்லை, வாங்கியவருக்கும் நஷ்டம்தான். வீ யு, 3டிஎஸ் இரண்டின் ஆன்லைன் கடைகளும் 2023 மார்ச்சில் மூடப்பட்டன. அங்கே மட்டும் விற்ற கேம்களை அதன்பின் புதிதாக வாங்க வழி இல்லாமல் போனது. ஆகவே பணம் கொடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

1. பேட்டரியின் வாட்-அவர் எவ்வளவு, நீங்கள் விளையாட நினைக்கும் கேமில் எத்தனை மணி நேரம் ஓடும் என்று பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் அதிகபட்ச நேரத்தை நம்பிவிடாதீர்கள். அது சாதாரணக் கேமுக்கான நேரம்.

2. பழைய மெஷினின் கேம்கள் புதியதில் ஓடுமா? ஸ்விட்ச் 2 மெஷினில் பெரும்பாலான ஸ்விட்ச் கேம்கள் ஓடும். இது ஒரு பெரிய வசதி.

3. கார்டில் முழு கேமும் இருக்கிறதா? ஸ்விட்ச் 2-க்கு வரும் சில கார்டுகளில் கேம் இருப்பதில்லை. அது வெறும் சாவிதான், கேமை இண்டர்நெட்டில் இருந்து இறக்க வேண்டும். பெட்டியின் மீது இதைக் குறிப்பிட்டிருப்பார்கள், படித்துவிட்டு வாங்குங்கள்.

4. வெளியான உடனே வாங்க வேண்டுமா? 3டிஎஸ் வாங்கியவர்களை நினைத்துக் கொள்ளுங்கள். ஒரு வருடம் பொறுத்தால் அந்த மெஷினுக்கு நல்ல கேம்கள் தொடர்ந்து வருகின்றனவா என்பது தெரிந்துவிடும். 2019 ஸ்விட்ச் போல, அதே மெஷின் அதிக நேரம் ஓடும் சிப்புடன் வரவும் கூடும்.

அடுத்த கையடக்க மெஷினின் விளம்பரத்தைப் பார்க்கும்போது ஒரு காகிதத்தை எடுத்து, வாட்-அவரை வாட்டால் வகுத்துப் பாருங்கள். பளபளக்கும் படங்கள் சொல்லாத உண்மையை அந்த ஒரு வகுத்தல் கணக்கு சொல்லிவிடும்.