தமனிக் குருதி வாயுச் சோதனை: மூன்று எண்கள்

மணிக்கட்டுத் தமனியில் எடுக்கும் குருதியில் முதலில் நோக்குவது பி.எச். அளவு, இயல்பு 7.35 முதல் 7.45 வரை. குறைந்தால் அமிலமிகை, கூடினால் காரமிகை. அடுத்து, நுரையீரலின் நிலையை உணர்த்தும் கரியமிலவாயு (35–45). பின்னர் சிறுநீரகம் பேணும் பைகார்பனேட் (22–26).

நெய்யூர் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் சாமர்வெல், 1924இல் எவரெஸ்டில் ஆக்சிசன் உருளையின்றி ஏறத்தாழ 8,500 மீட்டர் ஏறினார். அவ்வுயரத்தில் மூச்சு விரைந்து கரியமிலவாயு வெளியேறும், குருதி காரமாகும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் இதற்கு நேர்மாறு. 7.28, 68, 31 என்னும் முடிவைக் காண்க: வாயு தேங்கியுள்ளது, சிறுநீரகம் பைகார்பனேட்டைச் சேர்த்தும் ஈடுகட்ட இயலவில்லை. நோயாளி அரைமயக்கத்தில் உறங்குவார். ஆக்சிசன் செலுத்தப்படும்போது விரல்நுனிக் கருவி 92 காட்டினும் இத்தேக்கம் அதில் தெரியாது. களைப்புறக்கம் எனக் கருதி வீட்டில் ஆக்சிசனைக் கூட்டாதீர்கள். உடனே அழைத்து வாருங்கள்.