'கிளியர்' ஆகிவிட்டதா?

"செக்கை பேங்கில போட்டாச்சு ஹாஜியார். கிளியரிங் போயிட்டு. சாமானை ஏத்திவிடுங்க."

புறக்கோட்டை மொத்த வியாபாரிகளுக்கு இது பழகிப்போன பேச்சு. இதை நம்பிச் சரக்கை லொறியில் ஏற்றிவிட்டு, பின்னர் காசோலை திரும்பி வந்ததும் தலையில் கை வைத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 'கிளியரிங் போயிட்டு' என்பதையும் 'கிளியர் ஆகிவிட்டது' என்பதையும் ஒன்றாக எண்ணியதே அவர்கள் விட்ட பிழை.

'கிளியர்' என்ற ஆங்கில வினைச்சொல்லின் அடிப்படைப் பொருள், தடையாக இருப்பதை அகற்றுதல் என்பதாகும். வியாபாரத்தில் இச்சொல் வரும் இடமெல்லாம் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். எது தடை? அதை யார் அகற்ற வேண்டும்? அகற்றியாகிவிட்டதா?

1. காசோலை

நீங்கள் வைப்பிலிட்ட காசோலைக்குப் பணம் கொடுக்க, அதை எழுதியவரின் வங்கி இணங்க வேண்டும். அதுவரை அது 'சென்ட் ஃபோர் கிளியரிங்', அதாவது தீர்வுக்கு அனுப்பப்பட்டது மட்டுமே. பணம் உறுதியான பின்னர்தான் 'தி செக் ஹேஸ் கிளியர்ட்' என்று சொல்லலாம்.

நமது நாட்டில் இப்பணியை 2002 முதல் லங்காகிளியர் நிறுவனம் செய்து வந்தது. அதன் பெயரிலேயே நமது சொல் இருப்பதைக் கவனியுங்கள். அந்நிறுவனம் இன்று லங்காபே என்ற பெயரில் இயங்குகிறது. 2006இல் காசோலைத் தாளுக்குப் பதிலாக அதன் படத்தை அனுப்பும் முறை வந்ததால் காத்திருக்கும் காலம் குறைந்தது. ஆனால் பணம் இல்லாத காசோலை இன்றும் திரும்பியே வரும். ஆகவே விலைப்பட்டியலில் 'கிளியர்ட் ஃபண்ட்ஸ்' கிடைத்த பின்பே சரக்கு விடுவிக்கப்படும் என எழுதுவது பாதுகாப்பானது.

2. சரக்கு

துறைமுகத்தில் சரக்கைக் 'கிளியர்' செய்வது என்றால், சுங்கப் பத்திரம் சமர்ப்பித்து, தீர்வை செலுத்தி, தேவையான சோதனை முடித்து வெளியே எடுப்பது. கப்பல் வந்துவிட்டது என்பதற்காகச் சரக்கு 'கிளியர்ட்' ஆகிவிடாது. ஏஜன்ட் 'அண்டர் கிளியரன்ஸ்' என்று அறிவித்தால், வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்பதே பொருள். அதை நம்பி வாடிக்கையாளருக்குத் திகதி கொடுக்காதீர்கள். இலவச நாட்கள் கடந்தால் தாமதக் கட்டணமும் ஏறும்.

3. கடனும் கையிருப்பும்

'பிளீஸ் கிளியர் யுவர் டியூஸ்' என்றால் நிலுவையை முழுதாகக் கட்டுங்கள் என்று பொருள். பாதியைக் கட்டியவர் 'கிளியர்' செய்தவர் ஆகமாட்டார். 'கிளியரன்ஸ் சேல்' என்பது தேங்கிய சரக்கை விற்று இடத்தைக் காலியாக்குவது.

4. இலாபம்

'வீ கிளியர்ட் ஃபிஃப்டி தௌசண்ட்' என்று ஒருவர் சொன்னால், அவர் ஐம்பதாயிரம் ரூபா கடனைக் கட்டினார் என்று எண்ணிவிடக் கூடாது. செலவெல்லாம் போக ஐம்பதாயிரம் ரூபா கையில் நின்றது என்பதே அதன் பொருள். பங்காளியாகச் சேர அழைப்பவர் இப்படிச் சொன்னால், எந்தெந்தச் செலவைக் கழித்தார் என்று கேளுங்கள்.

5. அனுமதி

அதிகம் ஏமாற்றும் பயன்பாடு இதுதான். வெளிநாட்டுக் கொள்வனவாளர் 'பிளீஸ் கிளியர் திஸ் வித் அவர் ஹெட் ஒஃபிஸ்' என எழுதினால், அவர் பணம் கட்டச் சொல்லவில்லை. தலைமை அலுவலகத்தின் சம்மதத்தை முதலில் பெறுங்கள் என்கிறார். அந்தச் சம்மதம் இல்லாமல் சரக்கை அனுப்பினால், பொறுப்பு உங்கள் தலையில் விழலாம்.

6. நாட்கள்

இது வினைச்சொல் அல்ல. ஆனாலும் கடிதங்களில் அடிக்கடி வரும். 'செவன் கிளியர் டேய்ஸ்' என்றால் முழுதாக ஏழு நாட்கள். அறிவித்தல் கொடுத்த நாளும், காரியம் நடக்கும் நாளும் கணக்கில் சேராது. 1ஆம் திகதி அறிவித்தல் கிடைத்தால் 2 முதல் 8 வரை ஏழு நாட்கள். 9ஆம் திகதிக்கு முன் காரியம் நடக்க முடியாது.

ஒரு பிழையையும் திருத்திக்கொள்வோம். விலை பற்றி விளக்கம் கேட்க 'பிளீஸ் கிளியர் மீ எபவுட் த பிரைஸ்' என நம்மவர்கள் எழுதுவதுண்டு. இது தவறு. 'பிளீஸ் கிளெரிஃபை த பிரைஸ்' என்பதே சரி.

அடுத்த முறை 'கிளியரிங் போயிட்டு' என்ற பேச்சு காதில் விழுந்தால், லொறிக்காரரைச் சற்று நிற்கச் சொல்லுங்கள். வங்கிக்கு ஓர் அழைப்பெடுத்து 'ஹேஸ் இட் கிளியர்ட்?' என்று கேளுங்கள். 'யெஸ்' என்ற பதில் கிடைத்த பிறகு சாமானை ஏற்றலாம்.