குழி அடுப்பு: தோண்டும் முறையும் சாம்பல் கணக்கும்

தோட்டத்தில் நடவு, களையெடுப்பு, அறுவடை என்று பத்துப் பேர் கூடும் நாட்களில் சமையலுக்கு கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. ஒரு கடப்பாரையும் மண்வெட்டியும் போதும், நிலமே அடுப்பாகிவிடும். நம் கல்யாண வீடுகளிலும் கோயில் விருந்துகளிலும் நீளவாக்கில் பள்ளம் வெட்டி, வரிசையாக அண்டா ஏற்றுவார்கள். காடி அடுப்பு, கோட்டை அடுப்பு என்று அதற்குப் பெயர். அதன் சின்ன வடிவம்தான் இந்தக் குழி அடுப்பு. அமெரிக்கச் சமவெளியிலும் இதே முறை உண்டு. அங்கே டகோட்டா குழி என்கிறார்கள்.

முதலில் இடம். வைக்கோல் போர், கரும்புச் சோகை, காய்ந்த புல் பக்கத்தில் வேண்டாம். தென்னை, வேம்பு அடியிலும் வேண்டாம். வேரில் பற்றிய தீ மண்ணுக்குள்ளேயே புகைந்துகொண்டிருக்கும். எங்கள் பாகாயம் பக்கம் உள்ள செம்மண் நன்றாக நிற்கும். வெறும் மணலில் தோண்டினால் சரிந்துவிடும்.

இனி தோண்டும் முறை.

1. ஓரடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் தீக்குழி. அடியில் கொஞ்சம் அகலப்படுத்துங்கள்.

2. காற்று வரும் பக்கமாக ஓரடி தள்ளி, அரையடி அகலத்தில் காற்றுக்குழி. அதைச் சாய்வாக வெட்டி, தீக்குழியின் அடிப்பாகத்தோடு சுரங்கம் போல இணைத்துவிடுங்கள். ஆடியில் தென்மேற்குப் பக்கம், மார்கழியில் வடகிழக்குப் பக்கம் என்று காற்றைப் பார்த்து வெட்டணும்.

3. வாய் ஓரத்தில் மூன்று கல் வைத்துப் பாத்திரத்தை ஏற்றுங்கள். பாத்திரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். வாயை முழுசாக அடைத்தால் புகை காற்றுக்குழி வழியாகத் திரும்பி வரும்.

ஆற்றில் ஈரத்தோடு கிடந்த கல்லை வைக்காதீங்க. உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி, கல் வெடித்துச் சிதறும்.

இது எப்படி வேலை செய்கிறது? சூடான காற்று மேலே எழும்பும்போது, சுரங்கம் வழியாகப் புதுக்காற்று உள்ளே இழுபடுகிறது. அதனால் விறகு நன்றாக எரிகிறது, புகை குறைகிறது. தீ தரைக்குக் கீழே இருப்பதால் காற்றடித்தாலும் பொறி பறக்காது. வேலூர் வெயிலில் காய்ந்து கிடக்கும் காட்டுக்கு இது பெரிய பாதுகாப்பு.

சீமைக் கருவேல விறகு நின்று எரியும். நல்ல கங்கு தரும். தென்னை மட்டையும் கொட்டாங்குச்சியும் தொடக்கத் தீக்கு. ஆம்பூர் பக்கத்துச் சமையல் மாஸ்டர்கள் சீரகச் சம்பா அரிசி முக்கால் பதம் வெந்ததும் தீயை இழுத்துவிட்டு, மூடி மேல் கங்கைப் பரப்பி தம் போடுவார்கள். குழியில் கங்கு அணையாமல் கிடப்பதால் நமக்கும் அது எளிது. அரளிக் குச்சி, பெயின்ட் அடித்த பலகை, பிளாஸ்டிக் மூன்றும் கூடவே கூடாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லணும். நம் வட்டாரத்தில் தோல் கழிவுத் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். "சார், நல்லா எரியுது, காசும் இல்ல" என்று வேலையாட்களே கொண்டுவருவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குரோமியம் உப்பில் பதனிட்ட தோலைக் காற்றில் எரித்தால், அதிலுள்ள மூன்று இணைதிறன் குரோமியத்தில் ஒரு பகுதி ஆறு இணைதிறன் குரோமியமாக மாறும். அது தண்ணீரில் கரையும், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. பாலாறு கெட்டதால்தான் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பு, மாசு செய்தவரே ஈடு செய்யணும், கெடுதல் வருமுன் தடுக்கணும் என்ற இரண்டு கொள்கைகளையும் நாட்டின் சட்டமாக ஏற்றது. அப்படிப் போராடிய மண்ணில், நம் கையாலேயே அந்த நஞ்சைச் சாம்பலாக்கி வயலில் தூவலாமா?

சுத்தமான விறகுச் சாம்பல் நல்ல வரவு. சாம்பல் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அதில் உண்டு. ஆனால் அது காரத்தன்மை உள்ளது. உவர், களர் நிலத்துக்குப் போடாதீர்கள். பச்சைச் சாணத்தோடு கலந்தால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். மீதிக் கங்கைத் தண்ணீர் தெளித்து அணைத்து, கரியைப் பொடித்து, ஜீவாமிர்தத்தில் ஊறவைத்துப் பாத்தியில் போடலாம்.

சமையல் முடிந்ததும் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள். வெறும் மண்ணைப் போட்டு மூடினால் கங்கு மறுநாள்வரை சூடாக இருக்கும். பிள்ளைகளோ கன்றுக்குட்டியோ கால் வைத்தால் வெந்துவிடும். புறங்கையை மேலே காட்டிப் பார்த்து, சூடு இல்லை என்று தெரிந்தபிறகு எடுத்த மண்ணையே திரும்பத் தள்ளி மூடுங்கள். அடுத்த மழைக்கு அந்த இடத்தில் ஒரு பூசணி விதை ஊன்றலாம்.